டெல்லி இடித்த பேருந்துத் தடம்: கோளாறு எங்கே இருந்தது?

தெற்கு டெல்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர். 2008 ஏப்ரலில் அந்தச் சாலையின் நடுப்பகுதியைப் பிரித்து, போக ஒன்று வர ஒன்று என இரண்டு தடங்களைப் பேருந்துகளுக்கு மட்டும் ஒதுக்கினார்கள். திட்டப்படி அது டெல்லி கேட் வரை 14.5 கிலோமீட்டர் போயிருக்க வேண்டும். மீதி வரவே இல்லை. 2015-இல் புதிய மாநில அரசு அதைக் கைவிட முடிவெடுத்தது. 2016-இல் தடுப்புகளையும் நிறுத்தங்களையும் இடித்துத் தள்ளி, சாலையைப் பழையபடி எல்லா வண்டிக்கும் திறந்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து இந்திய நகரங்களில் யாராவது 'பஸ்ஸுக்குத் தனி லேன்' என்று பேச்செடுத்தால், 'அதான் டெல்லியில் பார்த்தோமே' என்று ஒரே வரியில் பேச்சை முடித்துவிடுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. டெல்லியில் தவறுகள் நடந்தன, உண்மை. ஆனால் பேருந்துக்கு இடம் ஒதுக்கியது அந்தத் தவறுகளில் ஒன்றல்ல. பேருந்து ஓடிய இடத்தில் தடம் நன்றாகத்தான் வேலை செய்தது. அது நின்ற இடங்களில், அதாவது சிக்னலிலும் நிறுத்தத்திலும், வேலை கெட்டது. இந்த வேறுபாடு புரியாமல் போனதால், திருத்த வேண்டியதை இடித்தார்கள்.

முதலில், ஒரு தடத்தை ஏன் பேருந்துக்குக் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி. ஒரு தடம், ஒரு சிக்னல் என்று எடுத்துக்கொள்வோம். தொடர்ந்து பச்சை எரிந்தால் ஒரு தடத்தில் மணிக்கு ஏறத்தாழ 1,800 கார்கள் கடக்கும் என்பது பொறியாளர்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் அளவு. பாதி நேரம்தான் பச்சை என்றால் 900 கார்கள். காருக்கு ஒன்றரைப் பேர் வீதம் 1,350 பேர். அதே தடத்தில் நிமிடத்துக்கு ஒரு பேருந்து, ஒவ்வொன்றிலும் 50 பேர் என்றால் மணிக்கு 3,000 பேர். இத்தனைக்கும் இரண்டு பேருந்துகளுக்கு நடுவே சாலை காலியாகவே கிடக்கும்.

அந்தக் காலி இடம்தான் பிரச்சினையின் தொடக்கம். பக்கத்துத் தடத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டவருக்குக் கண்ணில் படுவது அதுதான். பேருந்துக்குள் நிற்கும் ஐம்பது பேர் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. டெல்லியில் செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சியிலும் எழுந்த கோபத்தில் பெரும்பகுதி காருக்குள்ளிருந்து எழுந்த கோபம். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. எல்லா வண்டிகளையும் பேருந்துத் தடத்தில் விட வேண்டும் என்று ஒரு தன்னார்வ அமைப்பு வழக்குப் போட்டது. மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் 2012-இல் ஆய்வு செய்து, தனித் தடம் இல்லாமல் இருப்பதே மேல் என்ற பக்கம் சாய்ந்தது. இருந்தும் அந்த ஆண்டு அக்டோபரில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. சாலையில் எத்தனை வண்டி போகிறது என்று எண்ணுவதா, எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணுவதா என்பதே அந்த வழக்கின் மையக் கேள்வி. ஆட்களை எண்ணினால் பேருந்துக்கு மறுப்புச் சொல்ல வழியில்லை.

இனி சிக்னலுக்கு வருவோம். கோளாறின் பெரும்பகுதி அங்கேதான்.

நம் ஊரில் வண்டிகள் இடப்பக்கம் போகின்றன. பேருந்துத் தடத்தைச் சாலையின் நடுவே வைத்தால், மற்ற வண்டிகள் எல்லாம் பேருந்துக்கு இடப்பக்கம் வந்துவிடும். அவற்றில் வலப்பக்கம் திரும்ப வேண்டியவை, நேராகப் போகும் பேருந்தின் பாதையைக் குறுக்கே வெட்டித்தான் திரும்ப முடியும். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பச்சை கொடுக்க முடியாது. ஆகவே பேருந்து நேராகப் போக ஒரு பச்சை, வலப்பக்கம் திரும்ப இன்னொரு பச்சை என்று பிரிக்க வேண்டும். எதிர்த்திசைக்கும் அப்படியே. குறுக்குச் சாலைக்கும் பங்கு கொடுக்க வேண்டும். சாலையின் நடுவே இருக்கும் நிறுத்தத்துக்குப் போய்வர நடப்பவர்களுக்கும் நேரம் வேண்டும்.

பச்சை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாறும்போதெல்லாம் சில விநாடிகள் யாருக்கும் பயனில்லாமல் போகும்: முன்னால் நுழைந்த வண்டி கடந்து முடிக்க வேண்டும், அடுத்த வரிசை கிளம்ப வேண்டும். பங்குகள் கூடக் கூட இந்த வீண் விநாடிகளும் கூடும். அதை ஈடுகட்ட ஒவ்வொரு பச்சையையும் நீட்டுவார்கள். எல்லாப் பங்கும் ஒருமுறை வந்து முடியும் மொத்தச் சுற்றும் நீளும். அந்தச் சாலையின் சிராக் டெல்லி சந்திப்பில் நடந்தது இதுதான். அங்கே ஒரு சுற்று முடியச் சில நிமிடங்கள் ஆயின.

அது பேருந்துக்கு என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுற்று நான்கு நிமிடம், பேருந்துக்குப் பச்சை ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்தில் வேண்டுமானாலும் வந்து சேரும் ஒரு பேருந்தின் சராசரிக் காத்திருப்பு ஒரு நிமிடத்துக்கும் சற்று மேல். சுற்றை இரண்டு நிமிடமாகவும் பச்சையை முப்பது விநாடியாகவும் ஆக்கினால், பச்சையின் பங்கு மாறவில்லை, அதே கால்பங்குதான். ஆனால் காத்திருப்பு பாதியாகிவிடும். தனித் தடத்தில் இரண்டு கிலோமீட்டர் விரைந்து வந்து மிச்சப்படுத்திய நேரத்தை ஒரே ஒரு நீண்ட சிவப்பு விழுங்கிவிடலாம். நடந்து கடப்பவருக்கும் இதே கதிதான். மூன்று நிமிடம் சிவப்பில் நிற்கச் சொன்னால் யாரும் நிற்க மாட்டார்கள். வண்டிகளுக்கு நடுவே ஓடுவார்கள். சாலை நடுவே நிறுத்தம் வைத்துவிட்டு அங்கே போக நீண்ட சிவப்பைக் கொடுப்பது மனிதர்களை ஆபத்தில் தள்ளும் வேலை.

இதற்குத் தீர்வு இருந்தது, ஆனால் கசப்பானது: சில சந்திப்புகளில் வலப்பக்கத் திருப்பத்தையே எடுத்துவிடுவது. திரும்ப வேண்டியவர்கள் நேராகப் போய் அடுத்த இடத்தில் யூ-டர்ன் போட்டு வரலாம், அல்லது இடப்பக்கம் நுழைந்து சுற்றி வரலாம். பங்குகள் குறையும், சுற்று சுருங்கும், எல்லாருக்கும் காத்திருப்பு குறையும். கார்காரர்களும் லாபம் அடைவார்கள். ஆனால் சிலர் அரை கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்ற வேண்டும். அந்தச் சிலரின் சத்தத்தைத் தாங்கிக்கொள்ளும் உறுதி நிர்வாகத்துக்கு வேண்டும்.

அடுத்தது நிறுத்தம். டெல்லியில் நிறுத்தங்களைச் சந்திப்பை ஒட்டியே வைத்தார்கள். சிவப்பில் நிற்கும் நேரத்திலேயே ஆட்கள் ஏறி இறங்கிவிடலாம் என்பது அதன் பின்னால் இருந்த யோசனை. யோசனையில் தப்பில்லை, பேருந்துகள் குறைவாக இருந்தால். நெரிசல் நேரத்தில் அந்தச் சாலையில் மணிக்கு நூறுக்கும் மேற்பட்ட பேருந்துகள் வந்தன. இரண்டு மூன்று பேருந்து நிற்கும் இடத்துக்குப் பின்னால் நாலாவது, ஐந்தாவது வந்து நிற்கும். பின்னால் நிற்கும் பேருந்திலிருந்து ஆட்கள் தடத்திலேயே குதித்து இறங்குவார்கள். பச்சை விழும்போது முன் பேருந்தில் இன்னும் ஏறிக்கொண்டிருப்பார்கள். அது கிளம்பாததால் பின்னால் இருக்கும் எல்லாருக்கும் அந்தப் பச்சை போயே போய்விடும். ஒரு பேருந்து பழுதாகி நின்றுவிட்டால் கேட்கவே வேண்டாம். இரண்டு பக்கமும் தடுப்பு. ஒதுங்கிக் கடக்க இடமில்லை.

கொலம்பியாவின் போகோட்டாவில் 2000-இல் தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோ தனித்தடப் பேருந்துச் சேவையில் நிறுத்தங்களின் பக்கத்தில் கடந்து போக இன்னொரு தடம் வைத்ததற்குக் காரணம் இதுதான். அகமதாபாத் 2009-இல் தன் ஜன்மார்க் தனித்தடப் பேருந்துச் சேவையைத் தொடங்கியபோது வேறு வழியில் போனது. உயரமான மேடை, நிலையத்திலேயே டிக்கெட், அதற்கென்றே வாங்கிய பேருந்துகள் மட்டும். வெளிப் பேருந்துக்கு அனுமதி இல்லை. அதனால் நிறுத்தத்தில் ஒழுங்கு வந்தது. ஆனால் நகரின் மற்ற பேருந்துகளுக்கு அந்தத் தடத்தால் பயனில்லாமல் போனது. டெல்லி எல்லாப் பேருந்துக்கும் கதவைத் திறந்துவைத்தது. கொள்கையாக எனக்கு டெல்லியின் முடிவே பிடிக்கும். அதிகம் பேருக்குப் போய்ச் சேரும் முடிவு அது. ஆனால் வசூலுக்காக ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடிய தனியார் புளூலைன் பேருந்துகளையும் அரசுப் பேருந்துகளையும் ஒரே குறுகிய தடத்தில் விட்டால், யார் எந்த இடத்தில் நிற்பது என்று கண்டிப்பாக வரையறுக்க வேண்டும். வரையறுத்ததை ஆள் போட்டுக் காக்கவும் வேண்டும்.

சியோல் 2004 ஜூலையில் நடுத்தடங்களை விரிவாக்கியபோது தடத்தோடு நிற்கவில்லை. வழித்தடங்களை மாற்றி அமைத்தார்கள், பேருந்துகளை நிறம் பிரித்தார்கள், பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் கட்டணத்தை ஒன்றாக இணைத்தார்கள். எந்தப் பேருந்து எந்தத் தடத்தில் வரும், மணிக்கு எத்தனை வரும் என்பதை முடிவுசெய்யும் அதிகாரம் நகரத்தின் கையில் இருந்தது. டெல்லியில் சாலையைக் கட்டியது ஒரு கை, பேருந்தை ஓட்டியது பல கை.

டெல்லி இதோடு பேருந்துத் தடத்தை மறந்துவிடவில்லை. 2022 ஏப்ரல் 1 முதல், முக்கியமான 15 சாலைகளில் காலை 8 மணி முதல் இரவு 10 மணி வரை இடப்பக்க ஓரத் தடம் பேருந்துக்கும் சரக்கு வண்டிக்கும் மட்டும் என்று அறிவித்தார்கள். மீறினால் ரூ.10,000 வரை அபராதம். தடத்தை விட்டு விலகி ஓட்டும் பேருந்து ஓட்டுநருக்கும் தண்டனை உண்டு. நடுவிலிருந்த தடம் போய் ஓரத்துக்கு வந்தது. கான்கிரீட் தடுப்பு போய், சாலையில் வரைந்த கோடும் மறித்து நிற்கும் வண்டியை இழுத்துப்போகும் கிரேனும் வந்தன.

ஓரத் தடத்துக்குச் செலவு குறைவு. நடைமேடையிலிருந்தே ஏறலாம், சாலையைக் கடக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு நகரத்தின் ஓரம் என்பது எல்லாரும் உரிமை கொண்டாடும் இடம். நிறுத்தத்தின் முன்னால் மூன்று இ-ரிக்‌ஷாக்கள் ஆளுக்காக நிற்கின்றன. கொஞ்சம் தள்ளி ஒரு கார், ஹசார்டு விளக்கைப் போட்டுவிட்டு ஓட்டுநர் மருந்துக்கடைக்குள் போயிருக்கிறார். பேருந்து ஓட்டுநர் என்ன செய்வார்? வண்டியை இரண்டாவது தடத்தில் சாய்வாக நிறுத்துவார். ஏற வேண்டியவர்கள் நடைமேடையை விட்டு இறங்கி, ரிக்‌ஷாக்களுக்கு இடையே புகுந்து, சாலை நடுவில் ஏறுவார்கள். அந்த நேரம் பேருந்துக்கும் ஓரத்துக்கும் நடுவில் இருக்கும் இரண்டடி சந்தில் ஒரு பைக் சீறிப் பாயும். படிக்கட்டில் கால் வைத்த பெரியவர் அதைக் கடைசி நொடியில் பார்க்கிறார். இது டெல்லியில் மட்டும் நடப்பதில்லை, சென்னையில் எந்த நிறுத்தத்தில் வேண்டுமானாலும் நின்று பாருங்கள்.

இங்கே பேருந்து ஓட்டுநருக்கு அபராதம் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஓரம் காலியாக இருந்தால் அவர் ஓரத்தில்தான் நிறுத்துவார். வண்டிகள் ஓரத்தில் நிற்பதற்கான விதிகளையும் பேருந்துத் தடத்தின் பகுதியாகவே பார்க்க வேண்டும்: வண்டி நிறுத்த எங்கே அனுமதி, சரக்கு இறக்க எந்த நேரம், ரிக்‌ஷாவுக்கு எந்த மூலை என்று முடிவு செய்யாமல் பேருந்துத் தடம் அறிவிப்பது பாதி வேலை. நியூயார்க்கில் 14-ஆம் தெருவை 2019 அக்டோபரில் பேருந்துக்கு ஒதுக்கியபோது கடைகளுக்கு வரும் லாரிகளை அனுமதித்தார்கள். கார்களும் ஆளை இறக்கிவிட உள்ளே வரலாம். ஆனால் அடுத்து வரும் வலப்பக்கத் திருப்பத்தில் வெளியேறிவிட வேண்டும், நேராக ஓட்டிக்கொண்டே போக முடியாது. தெருவில் வீடு வைத்திருப்பவருக்கும் கடை வைத்திருப்பவருக்கும் வழி அடைபடவில்லை. குறுக்குவழியாகப் பயன்படுத்தியவர்கள் மட்டும் போய்விட்டார்கள். சேவையின் வேகம் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடியது, பயணிகளும் கூடினார்கள்.

நிறுத்தத்தின் வடிவத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. நடைமேடையை உள்ளே வெட்டி, பேருந்து ஒதுங்கி நிற்க வளைவு அமைப்பதை நல்ல ஏற்பாடு என்றே பலரும் நினைக்கிறார்கள். பின்னால் வரும் கார்களுக்கு அது நல்லதுதான். பேருந்துக்கு அல்ல. ஒதுங்கிய பேருந்து மறுபடி சாலைக்குள் நுழைய யாராவது மனமிறங்கி வழிவிட வேண்டும். சிங்கப்பூர் இதற்காகவே 2008-இல் ஒரு விதி கொண்டுவந்தது: குறியிட்ட நிறுத்தங்களில் பேருந்து வெளியே வரும்போது பின்னால் வரும் வண்டிகள் நின்று வழிவிட்டே ஆக வேண்டும். விதியால் முடியாத இடத்தில் வடிவத்தை மாற்றலாம்: வளைவை மூடி, நடைமேடையைப் பேருந்துத் தடத்தின் ஓரம் வரை நீட்டிவிட்டால், பேருந்து தன் தடத்திலேயே நின்று அதிலேயே கிளம்பும். ஏறுபவர்களுக்கு நிற்க இடமும் கிடைக்கும், பைக் புக சந்தும் இருக்காது.

ஓரத் தடத்துக்குச் சிக்னலில் வேறு பிரச்சினை. இடப்பக்கம் திரும்பும் வண்டிகள் பேருந்தின் குறுக்கே வரும். பேருந்துத் தடத்தைக் கோடு வரை கொண்டுபோய் முடித்தால், அந்தத் தடத்தில் பச்சை நேரத்தில் பேருந்து வராவிட்டால் பச்சை வீணாகும். சந்திப்பைக் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கையும் குறையும். பிரிட்டனில் நீண்ட காலமாகப் பின்பற்றும் வழி எளிமையானது: தடத்தைச் சிக்னல் கோட்டுக்குச் சற்று முன்பே முடித்துவிடுவது. எவ்வளவு முன்பு? பச்சையின் ஒவ்வொரு விநாடிக்கும் ஏறத்தாழ இரண்டு மீட்டர். முப்பது விநாடிப் பச்சை என்றால் அறுபது மீட்டர். அந்த அறுபது மீட்டரில் எல்லா வண்டியும் எல்லாத் தடத்தையும் நிரப்பி நிற்கலாம். அவை அனைத்தும் அந்த ஒரு பச்சையிலேயே கடந்துவிடும். பின்னால் நீண்ட வரிசையைத் தன் தடத்தில் கடந்து வந்த பேருந்தும் அதே பச்சையில் கடந்துவிடும். சந்திப்பின் கொள்ளளவு குறையாது, இடப்பக்கம் திரும்பவும் இடம் கிடைக்கிறது, பேருந்துக்குக் கிடைக்க வேண்டியதும் கிடைக்கிறது. பேருந்துத் தட வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. யாருடைய நேரத்தையும் பறிக்காமல் ஐம்பது பேருக்கு முன்னுரிமை தருகிறது.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். பேருந்துக்கு முன்னுரிமை என்றால் பதினைந்து கிலோமீட்டர் நீளத்துக்குத் தடையில்லாத தடம் வேண்டும் என்பதில்லை. வரிசை நிற்காத இடத்தில் தடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். வரிசை நிற்கும் இடத்தில், சிக்னலுக்கு முன் இருநூறு முந்நூறு மீட்டர் கொடுத்தாலே பெரும்பகுதிப் பலன் வந்துவிடும். சாலையின் அகலம் இங்கே நான்கு தடம், அங்கே இரண்டு தடம் என்று மாறிக்கொண்டே போகும் நம் ஊர்களுக்கு இது பெரிய நிம்மதி. அகலம் இருக்கிற இடத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

அமலாக்கத்துக்கு வருவோம். ரூ.10,000 என்பது பெரிய தொகை. ஆனால் ஆயிரத்தில் ஒருவர் மாட்டும் பத்தாயிரத்தை விட, தடத்தில் அத்துமீறுகிற ஒவ்வொருவருக்கும் தவறாமல் வீட்டுக்கு வரும் சிறு அபராதம் வலுவானது. போலீஸ்காரர் நிற்கும் வரை தடம் இருக்கும், அவர் டீ குடிக்கப் போனால் தடமும் போய்விடும் என்றால் அதைத் தடம் என்று சொல்ல முடியாது. லண்டன் இதைக் கேமராவிடம் விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. நியூயார்க்கில் கேமராவைப் பேருந்தின் முகப்பிலேயே பொருத்தினார்கள். முன்னால் மறித்து நிற்கும் வண்டியை அந்தப் பேருந்தே படம் பிடிக்கும். எங்கே தொல்லை அதிகமோ அங்கே படமும் அதிகம் விழும்.

இருசக்கர வண்டிகளை என்ன செய்வது என்பது இந்தியாவுக்கே உரிய கடினமான கேள்வி. லண்டன் தன் முக்கியச் சாலைகளில் பெரும்பாலான பேருந்துத் தடங்களில் மோட்டார் சைக்கிளை அனுமதிக்கிறது. அங்கே எண்ணிக்கை குறைவு, தாங்கும். இங்கே அனுமதித்தால் அந்த நிமிடமே அது பைக் தடமாகிவிடும். டெல்லியின் பழைய சாலையில் சைக்கிளுக்கென்று அருமையான தனித் தடம் போட்டிருந்தார்கள். பைக்குகள் அதையும் விடவில்லை.

பெங்களூர் 2019 அக்டோபரில் வெளிவட்டச் சாலையில், சில்க் போர்டிலிருந்து டின் ஃபேக்டரி வரை, ஓரத்தில் தடுப்புக் கம்பங்களை நட்டுப் பேருந்துத் தடம் பிரித்தது. கட்டுமானம் இல்லை, இடிப்பு இல்லை, வேலை வேகமாக முடிந்தது. சரியில்லாத இடத்தில் கம்பத்தைப் பிடுங்கி வேறு இடத்தில் நடலாம் என்ற வசதியும் இருந்தது. ஆனால் உடைந்த கம்பத்தை உடனுக்குடன் மாற்ற வேண்டும்; இடையில் ஒரு கம்பம் போனால் அந்த இடைவெளியில் முதல் பைக் நுழையும், பின்னாலேயே கார் நுழையும். பிறகு அதே சாலையில் மெட்ரோ கட்டுமானம் வந்தது. தடம் காணாமல் போனது. மெட்ரோ கட்டும் ஆண்டுகளில்தான் சாலை குறுகி, பேருந்துக்கு முன்னுரிமை அதிகம் தேவைப்படுகிறது. ஆனால் தடுப்பு வைக்கும் இடத்தைத் திட்டமிடும்போது பேருந்துக்கு ஒரு தடம் மிச்சம் வைக்க யாரும் நினைப்பதில்லை.

தடம் காலியாகத் தெரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பேருந்தே போதவில்லை. டெல்லியில் பேருந்துகளை 10,000 ஆக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998-லேயே உத்தரவிட்டது, காலக்கெடு 2001. அதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் நகரம் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து வரும் சாலையில் தடம் ஒதுக்கினால், காரில் இருப்பவரின் கோபத்துக்கு நியாயம் வந்துவிடுகிறது.

ஆனால் தடமே பேருந்தைப் பெருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு வழித்தடத்தில் போய்த் திரும்ப இரண்டு மணி நேரம் ஆகிறது, 24 பேருந்துகள் ஓடுகின்றன என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வரும். சிக்னல் வரிசைகளைத் தாண்ட வழி செய்து அந்த இரண்டு மணி நேரத்தை 96 நிமிடமாக்கினால், அதே 24 பேருந்துகள் நான்கு நிமிடத்துக்கு ஒன்றாக வரும். ஒரு பேருந்து கூடப் புதிதாக வாங்கவில்லை, ஓர் ஓட்டுநரைக் கூட புதிதாக எடுக்கவில்லை. நிதி இல்லை என்று சொல்லும் போக்குவரத்துக் கழகங்கள் முதலில் கையில் எடுக்க வேண்டிய கணக்கு இது. 2019 அக்டோபரில் டெல்லிப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணத்தை நீக்கினார்கள். தமிழ்நாட்டில் 2021-இல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் நீக்கினார்கள். கட்டணத்தை நீக்கிய அரசு, அவர்கள் நிறுத்தத்திலும் நெரிசலிலும் இழக்கும் நேரத்தையும் திருப்பித் தர வேண்டும்.

எங்கே தொடங்குவது என்பதற்கு இன்று ஊகம் தேவையில்லை. பேருந்துகளில் ஜிபிஎஸ் இருக்கிறது. டெல்லி 2018-லிருந்தே பேருந்துகளின் இருப்பிடத் தரவை யாரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிடுகிறது. எந்தப் பேருந்து எந்தச் சந்திப்பில் எத்தனை நிமிடம் நின்றது என்பதை அதிலிருந்தே எடுக்கலாம். சராசரியை மட்டும் பார்க்கக் கூடாது. வேலைக்குப் போகிறவர் சராசரி நாளை நம்பிக் கிளம்புவதில்லை, மோசமான நாளை மனதில் வைத்து அரை மணி முன்னால் கிளம்புகிறார். அந்த மோசமான நாட்களில் பேருந்து அதிகம் நிற்கும் பத்துச் சந்திப்புகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் சிக்னலுக்கு முன் முந்நூறு மீட்டர் தடம், கோட்டுக்கு முன் அறுபது மீட்டர் திறப்பு, நிறுத்தத்தைச் சுற்றி வண்டி நிற்கத் தடை, ஒரு கேமரா. ஆறு மாதம் கழித்து அதே தரவை மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த பத்துக்குப் போகலாம்.